எல்லா முற்றத்திலும் வெள்ளை

நெடுந்தீவில் போர் நடந்த அந்த வருடங்களில் படையினரின் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நாங்கள் செய்வது இரண்டு காரியம். முற்றத்தில் வெள்ளைத் துணியை விரிப்போம். பிறகு பதுங்குகுழிக்குள் இறங்குவோம். இங்கே இருப்பது குடும்பங்கள், சுடாதே என்பதற்குத்தான் அந்த வெள்ளை. யார் சொல்லித் தந்தது என்று தெரியாது. சோறு வடிப்பது போலப் பழகிவிட்டது.

என் கணவரைப் புடையன் என்ற விரியன் பாம்பு கடித்த அன்று அந்தப் பழக்கமே எனக்கு எமனாக வரப் பார்த்தது. கல்வேலியோரம் ஓலை எடுக்கப் போனவர் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஆசுபத்திரியில் மருந்து இல்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில் வெளியே கொண்டுபோகப் படகும் ஓடாது. இவருடைய பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. எப்படியோ அரச படையின் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். கொழும்பில் வேலை பார்த்த காலத்துச் சிங்களம் கைகொடுத்தது. அங்கிருந்த அதிகாரி, பாவம், நல்ல மனிதர். ஹெலி ஒன்றைக் கேட்டு எடுத்துவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணி விரியுங்கள், அதைப் பார்த்து விமானி இறங்குவார் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பயத்தில் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

இவரைக் கட்டிலோடு மைதானத்துக்குக் கொண்டுபோனோம். இவருடைய வேட்டியை விரித்து மூலைகளில் கல் வைத்தேன். பக்கத்தில் வோக்கிடோக்கியுடன் ஒரு சிப்பாய் நின்றான். அவன் முகாமோடு பேசுவான். விமானியோடு முகாம் பேசும்.

சத்தம் கேட்டது. ஊர் முழுவதும் வழக்கப்படி வெள்ளையை விரித்துவிட்டுக் குழிக்குள் இறங்கியது.

ஹெலி சுற்றியது, மறுபடியும் சுற்றியது. எந்த வெள்ளை என்று விமானி கேட்கிறாராம். மைதானத்து வெள்ளை என்றான் சிப்பாய். முகாம் அதை எப்படிச் சொன்னதோ, ஹெலி கோயில் வெளிக்கு மேலே போய் நின்றது. சிவப்புத் துணி காட்டட்டுமா என்றேன். சிவப்பு ஆபத்து அடையாளம், கண்டால் இறங்கவே மாட்டார் என்று அவன் பதறினான். இது ஏதோ பொறி என்று விமானிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். இன்னும் ஒரு சுற்று, பிறகு திரும்பிவிடுவாராம்.

வீடுகளுக்கு நடுவே ஒழுங்கைக்குள் ஓடினேன். வெள்ளையை எடுக்கச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். மைதானத்துக்கு அடுத்த வீட்டு அக்கா மட்டும் குழி வாசலில் தலையை நீட்டினார். ஹெலியிலிருந்து சுட்டதில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். மற்றப் பிள்ளைகள் உள்ளே அழுதார்கள்.

"எடுத்தா அவன் சுடமாட்டானோ?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா."

அவர் வெளியே வந்து துணியைச் சுருட்டினார். பிறகு கல்வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கேட்டு மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு முற்றமாக வெள்ளை மறைந்தது. ஹெலி எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. சுட்டால் இத்தனை சாவும் என் தலையில்தான் என்று நினைத்தேன். அது மைதானத்தில் இறங்கும்வரை யாரும் குழிக்குள் போகவில்லை.

இவர் பிழைத்து, காலை இழுத்து இழுத்து ஊர் திரும்பிய பிறகு, இருவருமாக அந்த வீட்டுக்குப் போனோம். நன்றி சொல்லப் போன நான், துணியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீர் தெரியாது எண்டு சொன்னீர், அதாலதான் எடுத்தனான்," என்றார். "துணி விரிச்சா சுடமாட்டாங்கள் எண்டு என்ர மூத்தவனுக்கு நான் உறுதியாச் சொன்னனான்."