முதல் இலக்கத்துப் பிள்ளை

மாத்தளைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கும் ஜெஸ்லா டீச்சரைப் பிள்ளைகள் கேலி பண்ணாத நாளில்லை. யாராவது எதையாவது சொன்னால் போதும், "யார் சொன்னது? அவர் கண்ணால பார்த்தாரா?" என்று குடைவார். அதிபர் ரிஸ்விக்கு அது அறவே பிடிக்காது. "நோட்ஸைக் குடுங்க டீச்சர். இல்லாட்டி அடுத்த தவணை பத்தாம் தரத்த வேற ஆளுக்குக் குடுத்திருவேன்" என்று சொல்லியே விட்டார். டீச்சர் அடங்கினாரா? அதுதான் இல்லை!

புது மண்டபத்துக்குப் பலகை எழுதி வந்திருந்தது: "எமது முதல் மாணவர் ஸாலிஹ்." மண்டபம் கட்டித் தந்த பதுர்தீன் ஹாஜியாரைப் பெற்ற வாப்பா அவர். டீச்சர் பத்தாம் தரத்தைப் பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இது நமக்கு எப்படித் தெரியும்?"

"சேர்வு இடாப்பப் பாப்பமா டீச்சர்?" என்றாள் பர்ஸானா.

பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளை வரிசையாகப் பதிந்த அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்தார்கள். முதல் இலக்கத்தில் றாபியா. ஸாலிஹ் ஏழாவது! பிள்ளைகள் துள்ளினார்கள். டீச்சர் விடவில்லை.

"இந்தப் பக்கத்துல நாப்பது பேரும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து. பிறகொரு நாள் வேற எதையோ பார்த்து எழுதினதா இருந்தா? வரிசை மாறியிருக்கலாமே!"

அலுமாரியைக் குடைந்து, அதிபர்மார் அன்றாடம் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டை எடுத்தார்கள். பாடசாலை தொடங்கிய முதல் நாளன்றே எழுதியிருந்தது: "இன்று ஒரு பெண்பிள்ளை மட்டும் வந்தாள்."

செய்தி கேட்டு அதிபர் ரிஸ்வி ஓடிவந்தார். "மண்டபம் தந்த மனுசன்ட மூஞ்சில கரி பூசிட்டீங்களே டீச்சர்!"

அதற்குள் ஹாஜியாரே வந்து நின்றார். பர்ஸானா இடாப்பை நீட்டினாள். "றாபியாட வாப்பா பேரப் பாருங்க ஹாஜியார். ஸாலிஹ்ட வாப்பா பேரும் அதுதான். விலாசமும் ஒண்ணு."

ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"யா அல்லாஹ், இது எங்க மாமி, வாப்பாட கூடப்பொறந்தவங்க! 'மொதல்ல சேந்தது எங்க ஊட்டுப் புள்ள'ன்னுதான் வாப்பா சொல்லுவாங்க. நாங்கதான் அது வாப்பான்னு நெனச்சுக்கிட்டோம். பொம்புளப் புள்ளயா இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல்லயே!" அவர் அதிபரிடம் திரும்பினார். "பலகைய மாத்துங்க சேர். மாமிட பேரப் போடுங்க."

ரிஸ்வி தொண்டையைச் செருமினார். "பத்தாம் தரம் உங்களுக்குத்தான் டீச்சர். பதினோராந் தரத்தையும் எடுத்துக்குங்க."

மண்டபத் திறப்பன்று ஹாஜியார் மேடையேறி, "இந்தப் பாடசாலையின் முதல் பிள்ளை என் மாமி றாபியா" என்றார். பத்தாம் தரம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "யார் சொன்னது?"

ஹாஜியார் சிரித்தபடி இடாப்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.