மெழுகு எரித்த சனிக்கிழமைகள்

மாதா கோயில் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஊற்றித் தருவது நன்னிலத்தில் எங்கள் அப்பாவின் வேலை. அந்த வருஷம் ஊற்றிய வர்த்திகள் படபடவென்று பொரிந்து பாதியிலேயே அணைந்துபோயின. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மயிலாடுதுறைக் கடைக்காரன் மெழுகுல எதையோ கலந்து ஏமாத்திட்டான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார்.

அவர் தங்கை, இன்னும் கல்யாணமாகாத என் அத்தைதான் தடுத்தாள். அவள் மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். "சோதிச்சுப் பாக்காம ஒருத்தரைத் திருடன்னு சொல்லலாமாண்ணே? அப்புறம் அவர் கடைக்கு யார் போவாங்க?"

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மெழுகைத் துளி கிள்ளி எடை போட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, ஆக்சிஜன் செலுத்தி எரித்தாள். வந்த வாயுவின் ஈரத்தை ஒரு குழாய் உறிஞ்சியது. கரியமில வாயுவை அடுத்திருந்த காரக் கரைசல் பிடித்துக்கொண்டது. சுத்தமான மெழுகாக இருந்தால் அந்தக் கரைசலின் எடை எவ்வளவு கூட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கூடியது அதைவிடக் குறைவு. கணக்குப் போட்டாள். நூறு பங்கில் எண்பத்தாறுதான் மெழுகு. மீதி எரியாமல் குழாயிலேயே வெள்ளையாகக் கிடந்தது. மாக்கல் பொடி.

நேராகக் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும், அத்தை வயதே இருந்த கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. சண்டை வரும் என்று நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"புதுசா ஒருத்தர்கிட்ட எடுத்த சரக்குங்க மேடம். நம்பி அப்படியே வித்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார் அவர்.

அன்று மாலையே வேறு மெழுகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அத்தையிடம் ஒரு துண்டை நீட்டி, "இதையும் எரிச்சுப் பாத்துட்டே ஊத்துங்க" என்றார்.

அதில் குறையே இல்லை. தேர்ப் பவனியன்று ஒரு வர்த்தியும் அணையவில்லை. அப்பாவும் அவரைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கடைக்குப் புதுச் சரக்கு வந்தபோதெல்லாம் அத்தை ஒரு துண்டு வாங்கி எரித்தாள். துணைக்கு நான்.

"ஒரு தடவை பாத்தா போதாதா?" என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

"சோதனைன்னா திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்ணே."

ஒரு சனிக்கிழமை கணக்கை முடித்துவிட்டுத் தனக்குள் சிரித்தாள்.

"போன தடவை வந்த அதே விடைதானே அத்தை? எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"எப்பப் பாத்தாலும் அதே விடை வருதே, அதாண்டி சந்தோஷம்" என்றவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் மெழுகுக் கடை இருந்த தெருப் பக்கம் திரும்பினாள்.

மெழுகைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்தேன்.