பாத்துக் குடுங்க

லண்டனில் எனக்குச் சோறு போடுவது ஒரு கன்சல்டிங் நிறுவனம். கம்பெனிகள் தங்கள் சரக்குக்கு என்ன விலை வைக்கலாம் என்று யோசனை சொல்வது என் வேலை. பிஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், காப்பீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். என் விலையை மட்டும் நான் சொன்னதில்லை. அதைச் சொல்லக்கூடாது என்று ராஜபாளையத்தில் வளர்த்துவிட்டார்கள்.

அந்த வேலைக்கான கடைசி நேர்காணலுக்கு முன்னால் அம்மா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "ஏட்டி, சம்பளம் இம்புட்டு வேணும்னு வாயத் தொறந்து கேட்டுறாத. அவியளாப் பாத்துக் குடுக்கட்டும். அப்பதான் மனசறிஞ்சு குடுப்பாவ." அப்பாவும் மில் ஆபீசில் அப்படித்தான் காலத்தை ஓட்டினார். நானும், எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்ட வெள்ளைக்காரத் துரையிடம், உங்களுக்கு நியாயமாகப் படுவதைக் கொடுங்கள் என்று பவ்வியமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நல்ல பெயர் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

போன முறை ஊரிலிருந்து திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுபோயிருந்தேன். என் குழுவில் ஒருவன், அந்த நாட்டுக்காரன், எனக்குப் பின்னால் சேர்ந்தவன். விலைக் கணக்குப் போடும் முறையை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பால்கோவாவை ஸ்பூனால் வழித்துத் தின்றபடியே, இந்தச் சம்பளத்தில் எப்படித்தான் குடித்தனம் நடத்துவதோ என்று அலுத்துக்கொண்டான். எவ்வளவு என்றும் சொன்னான். அவனுக்கு அதில் கூச்சமில்லை. என் சம்பளத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மீதிப் பால்கோவாவையும் அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

வயிற்றெரிச்சலோடு அதே துரையிடம் போய் நின்றேன். வாடிக்கையாளரிடம் என் ஒரு நாள் வேலைக்குக் கம்பெனி வாங்குவது அவன் வேலைக்கு வாங்குவதைவிட அதிகம். அந்தப் பில்லைத் தயார் செய்வதே நான்தான். துரை அன்பாகத்தான் பேசினார். சேரும்போது நாங்கள் சொன்ன தொகைக்கு நீ சம்மதித்தாய், உயர்வெல்லாம் அதன் மேல் சதவீதமாகத்தான் வரும் என்றார். உன் விசாவுக்கும் நாங்கள்தானே செலவழிக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் வேலை பார்க்கும்வரைதான் செல்லும் அந்த விசாவோடு நான் எங்கே ஓடிவிடப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாக என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அம்மியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

அன்றைக்கே வேறு இடம் தேடத் தொடங்கினேன். விசா என்றதும் பல பேர் பேச்சை முடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நிறுவனம் விசாவையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை எடுக்கச் சம்மதித்தது. சம்பளம் பேசுவது மட்டும் பாக்கி. அந்தப் பேச்சு, தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில் வந்து விழுந்தது. நான் லீவில் வந்திருந்தேன். இந்தத் தடவை தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். இதிலும் ஏமாந்தால் புது விசா முடியும்வரை அதே இளிச்சவாய்ப் பிழைப்புதான்.

பந்தி முடிந்ததும் சமையல்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "என்ன தரணும் சொல்லுங்கண்ணே" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டு விசேசம். நீங்க பாத்துக் குடுங்கம்மா."

அம்மா பணத்தை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மேலே இன்னும் கொஞ்சம் வைத்தாள். பிறகு வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கேசரி. அவர் போனதும், கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாமே என்றேன்.

"அவரு இம்புட்டுன்னு கேட்டாத்தான கொறைக்க முடியும்? பாத்துக் குடுங்கன்னுட்டாரே. கம்மியாக் குடுத்துட்டு நாளப்பின்ன ரதவீதியில அவரு மூஞ்சில எப்படி முழிக்க?"

எனக்குச் சம்பளம் போட்ட துரையும் தினமும் என் மூஞ்சியில்தான் முழிக்கிறார். லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு குட்மார்னிங் சொல்கிறார். அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை. எங்கள் ஊரில் கொடுப்பவரைக் கூச வைக்கும் ஒரு பேச்சை, கூச்சம் என்பதே கிடையாத இடத்தில் கொண்டுபோய் வீணடித்திருக்கிறேன். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே, சம்பளம் பேசிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பெயிண்ட் வாசனை போகாத அறை. மறுமுனையில் பேசிய பெண் நலம் விசாரித்துவிட்டு, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. கீழே அண்டாவைக் கவிழ்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் பேசவில்லை. பேராசைக்காரி என்று நினைத்துவிட்டாளோ, கைக்கு வந்த வேலையும் போய்விடுமோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதெல்லாம் சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னது, உங்களுக்கு நியாயமாகப் படுவதைச் செய்யுங்கள் என்று என் வாய் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. உடனே அவள் குரல் மலர்ந்தது.

சாயங்காலம் வேலைக்கான கடிதம் போனில் வந்தது. இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட. பால்கோவா தின்றபடி அவன் அலுத்துக்கொண்டானே, அந்தத் தொகைக்குக் கீழே. அதை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. சம்மதம் என்று பதில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

அம்மா மிஞ்சிய வாழை இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்னட்டி, எம்புட்டு கேட்ட?"

"பாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் நிறைவு. "அப்படித்தான் சொல்லணும். பாத்துக்கிட்டே இரி, அவிய மனசறிஞ்சு குடுப்பாவ."