நூல் கட்டாத பாட்டில்

சென்ற ஆண்டு ஐப்பசியில், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்து, அதற்கும் சேர்த்து வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், திருச்சுழியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் நடந்தது இது. எழுதும்போது இப்போதும் தொண்டை ஒருமுறை தானாக எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொள்கிறது, வழி திறந்திருக்கிறதா என்று.

நான் அருப்புக்கோட்டை நெசவுத் தெருவைச் சேர்ந்தவள். அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வகப் பாடத்தோடு எங்களுக்கு ஒரு புது வேலையும் சேர்ந்திருந்தது: செய்த ஆய்வை முறையாக எழுதுவது. எங்கள் பேராசிரியை அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு குழு எழுதிய செய்முறையை இன்னொரு குழுவிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் அதை மட்டும் படித்து அதே ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். எழுதியவர்களிடம் போய் எதுவும் கேட்கக் கூடாது. எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஆங்கில ஆய்விதழ்களை மேய்கிற ஆள் நான். நீள நீளமாக வாக்கியம் வரும். ஒருமுறை "தேவையான அளவு பார்மலின் சேர்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். பேராசிரியை அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "யாருக்குத் தேவை? எவ்வளவு?" என்று பக்கத்தில் எழுதித் தந்தார். ரொம்பத்தான் நுணுக்கம் பார்க்கிறார் என்று அன்று சிரித்தேன்.

பார்மலின் தெரியாதவர்களுக்கு: பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாடிக்குள் கால் பரப்பி மிதக்குமே தவளை, அதைக் கெடாமல் வைத்திருக்கும் மருந்து. தண்ணீர் மாதிரியே இருக்கும். நெடிதான் மூக்கைத் துளைக்கும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், என் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கும் தோழி, எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சம்சாரி வீட்டு, அதாவது விவசாயி வீட்டு, பையன். மழைக்குப் பிறகு கண்மாய்களில் திடீரென்று பெருகும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளை எடுத்துவந்து எண்ணுவதுதான் எங்கள் ஆய்வு. பிடித்த இடத்திலேயே அவற்றைத் தண்ணீர் கலந்த பார்மலினில் போட்டுவிட வேண்டும்.

பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டவில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. நெசவு வீடுகளில் சாயப் பட்டறைக்குப் போகும் நூல் கழிகளுக்கு, அதாவது சுற்றிய நூல் கட்டுகளுக்கு, யாரும் சீட்டு ஒட்டுவதில்லை. நனைந்தால் சீட்டு கரைந்துவிடும். ஒரு துண்டுக் கழிவு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எந்தக் கழி யாருடையது, எந்தச் சாயம் என்பதை முடிச்சே சொல்லிவிடும். நானும் தோழியும் பிறந்ததிலிருந்து பார்த்தது அது. ஆகவே வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி சிவப்பு நூலைக் கொண்டுவந்தோம். சிவப்பு நூல் கட்டியிருந்தால் மருந்து. நூல் இல்லாவிட்டால் குடிதண்ணீர். பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி, பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள்.

"எழுதி ஒட்டிருவோமே பிள்ள" என்று பையன் கேட்டான்.

"ஒனக்கென்னலே தெரியும், இது காலங்காலமா உள்ளது" என்றாள் தோழி.

"ஆமா, நூலே பேசும், வாய் எதுக்குங்கிற!" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

கண்மாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் வலையை இழுத்து இழுத்து எனக்குத் தலை சுற்றியது. கரையேறி வந்தேன். காலையிலிருந்து கை, துணி, பை எல்லாம் பார்மலின் நெடி. மூக்கு அதற்கு மரத்துப்போயிருந்தது. கருவேல நிழலில் பாட்டில்கள் கிடந்தன. நூல் இல்லாத ஒன்றை எடுத்தேன். திறந்தேன். அண்ணாந்தேன்.

ஒரு மடக்கு.

தண்ணீர் இல்லை என்று நாக்குக்குத் தெரிவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மிச்சத்தைத் துப்பினேன். வாய் முழுக்கத் தீ. நெஞ்சுக்குள் ஒரு கோடு இழுத்தமாதிரி எரிந்துகொண்டே இறங்கியது. பாட்டிலைக் கருவேல முள்ளுக்குள் வீசி எறிந்தேன். கத்தினேன் என்கிறார்கள், எனக்குச் சத்தமே கேட்கவில்லை.

தோழி தண்ணீருக்குள்ளிருந்து ஓடிவந்தாள். கையில் சிவப்பு நூல் துண்டு. "இப்பத்தானடி மருந்து ஊத்தி வச்சேன்! வலையில சிக்கு விழுந்துருச்சுன்னு போயிட்டு வந்து கட்டுவோம்னு..."

கரைக்கு அந்தப் பக்கம் கருவேல விறகில் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கை, முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்தாள், விஷயத்தை ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டாள், திரும்பி ஓடினாள். வரும்போது தூக்குச்சட்டியில் புளி கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"குடி தாயி. ஒரே மூச்சுல குடி. விரலை விட்டுக் கக்கு. கக்கிட்டா ஒண்ணுமில்ல."

நான் சட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பையன் பேராசிரியைக்குப் போன் போட்டிருந்தான். போனைக் காதில் வைத்தபடியே மறு கையால் சட்டியின் வாயைப் பொத்தினான்.

"வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம்! வாயக் கொப்பளிக்கணுமாம். முழுங்க முடிஞ்சா கொஞ்சங் கொஞ்சமா நல்ல தண்ணி. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாக."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுக அங்கன ஃபேனுக்கு அடியில ஒக்காந்து சொல்லுவாக! புள்ள இங்கன துடிக்குது. கைய எடுலே!"

நான் படித்திருந்தேன். அரிக்கும் பொருள், உணவுக்குழாயின் உட்சுவர், எல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வந்தது. பேச முடிந்திருந்தாலும் அந்த அக்காவுக்குப் புரிகிற ஒரு வார்த்தை என்னிடம் இருந்திருக்குமா, தெரியாது. பையன்தான் சொன்னான்.

"அக்கா, உள்ள போகையில சுட்டுச்சுல்ல? வெளிய வரையிலயும் சுடும். ஒரு தடவ வெந்த எடத்துல ரெண்டாந்தடவ வேகணுமா?"

அக்கா என் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். புளித்தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்தாள். "அதச் சொல்லு மொதல்ல" என்றாள். சட்டியைக் கழுவி, தன் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளே ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவையும் மறித்தாள். உள்ளே இருந்தவர்களை "எறங்குங்க, எறங்குங்க" என்று விரட்டி இறக்கினாள்.

ஆட்டோ பறந்தது. இரண்டு பக்கமும் கருவேலம், முடியவே முடியாத கருவேலம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றுக்குள் அது ஆடியது. எனக்கு அந்தச் சாடித் தவளைதான் கண்ணுக்குள் நின்றது. எத்தனையோ வருடமாக அதன் தோல் அழுகாமல், கண் மூடாமல், அப்படியே இருக்கிறது. அதை அப்படி வைத்திருக்கும் திரவம் இப்போது எனக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து நானும் அப்படி ஆகிக்கொண்டிருக்கிறேனா? நாக்கைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், உணர்ச்சி இருக்கிறதா என்று. இருந்தது. அடுத்த வளைவில் மறுபடி கடித்தேன். அம்மா தறி மேடையில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு யார் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. தோழி என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, "எரியுதா, இன்னும் எரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மருத்துவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண், இருந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். பிறகு தோழி பக்கம் திரும்பினார்.

"என்ன குடிச்சா?"

"பார்மலின் மேடம்."

"நேரா லேப் பாட்டில்ல உள்ளதா, தண்ணி கலந்ததா?"

"கலந்ததுதான்..."

"எவ்வளவுக்கு எவ்வளவு?"

"தேவையான அளவு" என்று தோழி ஆரம்பித்து, பாதியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வட்டம் எங்கள் இருவர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. ஆய்வுத்தாளில் அது ஒரு மதிப்பெண். இங்கே அது என் உயிர்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. தோழி சொன்னாள்: "நான் மருந்து மட்டுந்தான் ஊத்தினேன் மேடம். ரெண்டு பாட்டில்ல. தண்ணி ஊத்தச் சொல்லி இவன்கிட்ட குடுத்தேன்."

பையன் குறுக்கே வந்தான். "எப்ப ரெண்டு குடுத்த? ஒண்ணுல நான் தண்ணி ஊத்துனேன். இன்னொண்ண நீயே ஊத்திட்டேன்னு நெனச்சேன்."

அப்படியானால் ஒரு பாட்டிலில் இருந்தது கலந்த மருந்து. இன்னொன்றில் இருந்தது கலக்காதது. நான் குடித்தது எது? பாட்டிலோ கருவேல முள்ளுக்குள் கிடக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது கலந்ததாக இருந்துவிட வேண்டும் என்று தவித்தேன். அதனால், "கலந்ததுதான்" என்றேன்.

மருத்துவர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "நீ தண்ணி கலக்காததக் குடிச்சிருந்தா இந்நேரம் இப்படிப் பேசிட்டு இருக்கமாட்டேன்னு எனக்குத் தோணுது. ஆனா தோணுறத வச்சு நான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதி அனுப்ப முடியாது. உனக்குத் தோணுறதும் வேணாம். பாட்டிலத் தூக்குனப்ப என்ன பாத்த? கையில என்ன பட்டுச்சு? அத மட்டும் சொல்லு."

கண்ணை மூடினேன். பயம் ஞாபகத்தை எவ்வளவு தூரம் குழப்பும் என்று அன்றுதான் தெரிந்தது. பாட்டில் பாதி இருந்தது என்று நினைத்தால் பாதிப் பாட்டில் தெரிகிறது. முழுசு என்று நினைத்தால் முழுப் பாட்டில் தெரிகிறது. நான் நினைப்பதெல்லாம் நான் பார்த்தது மாதிரியே இருக்கிறது! கண்ணை விட்டுவிட்டுக் கையிடம் கேட்டேன். மூடியைத் திருகினேன். பழைய பாட்டில், மெலிசு, பிடித்த பிடியில் அமுங்கியது. அமுங்கியதும்... வழிந்தது. மணிக்கட்டில், வாட்ச் வாருக்குள், சில்லென்று.

"தொறந்ததும் வழிஞ்சுச்சு மேடம். வாட்சு நனைஞ்சுது. கழுத்து வரைக்கும் இருந்துருக்கணும்."

"இருந்துருக்கணும் வேணாம். வழிஞ்சுச்சா?"

"வழிஞ்சுச்சு."

தோழி ஓவென்று அழுதுவிட்டாள். "நான் ஊத்துனது அடியில ரெண்டு விரக்கடதான் மேடம்! கழுத்து வரைக்கும் இருந்துச்சுன்னா அது தண்ணி ஊத்துன பாட்டில்தான்!"

பையன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். மருத்துவர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு விரற்கடை, மீதி தண்ணீர்; ஒரு மடக்கு, அதில் பாதி துப்பியது; வாந்தி எடுக்கவில்லை. எழுதியதை ஒருமுறை எங்களிடம் வாசித்துக் காட்டினார். அவ்வளவு சின்ன வாக்கியங்களை நான் அதற்குமுன் மதித்ததில்லை.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் காரியாபட்டி தாண்டி மதுரைக்குப் போகும்வரை என் தலையை மடியிலிருந்து எடுக்கவேயில்லை. என்ன ஆச்சு என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் திரும்பத் திரும்பக் கேட்டாள். மதுரையில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் சிவந்திருந்தது, புண்ணாகிக் கிழியவில்லை. சில நாள் வெறும் கஞ்சித் தண்ணீர், பால். அப்புறம் வீடு.

கல்லூரிக்குத் திரும்பிய அன்று பேராசிரியை திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. அவரும் அந்த நாட்களில் தூங்கவில்லை என்று தெரிந்தது. "தண்ணி பாட்டில்ல மருந்து கலக்க நானே விட்டுருக்கக் கூடாது" என்றார். பிறகு, "இதையும் எழுதும்மா. அடுத்து வர்ற பிள்ளைகளுக்கு" என்றார்.

எழுதினேன். "கவனக்குறைவின் விளைவாக ஒரு விரும்பத்தகாத சம்பவம் நிகழ்ந்தது." பையன் அதைப் படித்துவிட்டுத் தாளை என் முன்னாலேயே போட்டான்.

"ஏ பிள்ள, குடிச்சது யாரு? சம்பவமா குடிச்சுச்சு?"

தோழி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். குடிதண்ணீர் பாட்டிலில் மருந்து கலக்காதே. மருந்தை ஊற்றும் முன்பே பாட்டிலில் பெயரை எழுது, ஊற்றிய பிறகு அல்ல. யார் மருந்து ஊற்றினார், யார் தண்ணீர் ஊற்றினார், எவ்வளவு என்று எழுது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. அது இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கீழே எங்கள் பெயர் இல்லை, வேண்டாம் என்றுவிட்டோம்.

நான் இப்போதும் வேகமாக எழுதுகிறவள்தான். ஆனால் ஒரு வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைக்கும்போது ஒரு சின்ன நடுக்கம் வருகிறது: இதைப் படிக்கப்போகிறவர் எங்கோ ஒரு வெயிலில், அவசரத்தில், தனியாக நிற்பார், எவ்வளவு என்று கேட்க நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அந்த நடுக்கம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.