மூன்று தட்டுக்கும் நிற்காத ஓதல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஸலாம். சென்ற ரமலானில் எங்கள் அண்ணன் அவர்கள் அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார்கள். ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவது முறை. முப்பத்தோராண்டு தாலுகா கச்சேரியில் முறை பார்த்தே காலம் தள்ளியவன் நான். இந்த ஒருமுறை அதை மீறுகிறேன்.

வெண்ணந்தூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார்கள். அத்தா சந்தை சந்தையாகப் போய்த் தோல் வாங்கி விற்றவர். வீட்டில் உண்ணும் வாய்கள் அதிகம். ஒன்பது வயதில் அண்ணனை மதரஸாவுக்கு அனுப்பினார்கள். மார்க்கக் கல்வியும் கிடைக்கும், மூன்று வேளைச் சோறும் கிடைக்கும். என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நாலே வருடத்தில் அண்ணன் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிஸாகத் திரும்பினார்கள். நான் அதே நாலு வருடத்தில் வாய்ப்பாடு கற்றேன்.

ரமலான் இரவுகளில் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதித் தொழவைக்கும் தராவீஹ் தொழுகையை எங்கள் பள்ளிவாசலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்ணன்தான் நடத்தினார்கள். முன்னால் ஹாபிஸ் ஓதுவார். பின்வரிசையில் ஓதத் தெரிந்த ஒருவர் காது கொடுத்து நிற்பார். முன்னவர் தவறினால் பின்னவர் உரக்க எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்னவர் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மற்ற பதினொரு மாதங்களும் அண்ணன் அந்த ஒரு மாதத்துக்காகவே உயிர் வாழ்ந்தார்கள். இது புகழ்ச்சியில்லை, குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்த குறை.

மேட்டூரில் அணை கட்டிய காலத்தில், அங்கே வேலைக்கு வந்திருந்த நம்மவர்களுக்குத் தொழவைக்க அண்ணன் இரண்டு வருடம் போயிருந்தார்கள். மலைக்காய்ச்சலோடு திரும்பினார்கள். கொயினா மாத்திரையைக் கைநிறையக் கொடுத்துக் காய்ச்சலை விரட்டினோம். அத்துடன் வேறொன்றும் போனதை யாரும் கவனிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஜமாத்தில் ஒரு பிரிவு, தராவீஹுக்கு ஓர் இளம் ஹாபிஸை வைக்கலாம் என்றது. குரல் நன்றாக இருக்கிறதாம். மறுபிரிவு அண்ணன்தான் வேண்டும் என்றது. ஓதல் போட்டி வைத்து, வெல்பவரை நிறுத்துவது என்று முடிவாயிற்று. போட்டியின் சட்டதிட்டங்களை எழுத என்னைக் கேட்டார்கள். என் கெட்ட நேரம், சம்மதித்தேன்.

பதினொரு சட்டங்கள் எழுதினேன். வெளியூரிலிருந்து மூன்று நடுவர்கள். ஒருவர் எழுத்துகளின் உச்சரிப்பைப் பார்ப்பார், ஒருவர் நீட்டலையும் நிறுத்தலையும் பார்ப்பார், மூன்றாமவர் மனனத்தை. பொருளையே மாற்றும் பிழைக்கு ஐந்து புள்ளி குறைவு, அழகை மட்டும் கெடுக்கும் பிழைக்கு ஒன்று. ஓதுபவர் சீட்டு எடுத்து, அதிலுள்ள வசனத்திலிருந்து தொடர வேண்டும். தவறினால் நடுவர் மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஓதுபவர் பின்னால் போய்ச் சரிசெய்யலாம். மூன்று தட்டுக்கும் சரிசெய்யாவிட்டால் நீக்கம். முறையீட்டுக்கு ஏழு நாள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓதுபவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நடுவே ஒரு திரை. அதற்கு முன் எந்தப் போட்டியிலும் நடுவர் எதிரே அமர்ந்து கையைத்தான் உயர்த்துவார். போட்டியிடுபவர் என் அண்ணன் என்பதால், திரை இருந்தால் என்மேல் யாரும் பழி சொல்ல முடியாது என்று நினைத்தேன். யாரும் சொல்லவுமில்லை.

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் போட்டி. இளைஞர் நன்றாகவே ஓதினார்; மூன்று புள்ளிகள்தான் குறைந்தன. அடுத்து அண்ணன் அமர்ந்து, திரையில் பார்க்க என்ன இருக்கிறது என்பது போலக் கண்ணை மூடி ஓதத் தொடங்கினார்கள். தோழமைக்காக வந்து வாசலில் நின்றிருந்த எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர்கூட மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

குர்ஆனில் ஒரே போலத் தொடங்கி வேறு வேறாக முடியும் வசனங்கள் உண்டு. எந்த ஹாபிஸுக்கும் அங்கேதான் கண்டம். அண்ணன் அப்படி ஓர் இடத்தில் தடம் மாறினார்கள். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போக வேண்டியவர் வெண்ணந்தூர்ப் பாதையில் இறங்கியது போல, வேறோர் அத்தியாயத்துக்குள் போய்விட்டார்கள். திரைக்குப் பின்னால் தட்டு விழுந்தது. அண்ணன் நிற்கவில்லை. இரண்டாவது தட்டு. நிற்கவில்லை. மூன்றாவது தட்டில் பலகையே பிளந்திருக்கும். அண்ணன் இன்னும் அழகாக ஓதிக்கொண்டு போனார்கள்.

"மரத்தத் தட்டுனா நிக்கறதுக்கு அவரென்ன வண்டி மாடா? பெரிய ஹாபிசாச்சே!" என்றார் பின்வரிசையில் ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பள்ளியின் நிர்வாகியான முத்தவல்லி எழுந்து, "ஏனுங்க, தட்டுனது காதுல உழுகலீங்களா? நிறுத்துங்க!" என்று கத்தினார். அண்ணன் ஓதிக்கொண்டேயிருந்தார்கள். போட்டியை நடத்துபவன் என்ற முறையில் நான் போய் அண்ணன் தோளில் கை வைத்தேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார்கள். என் கண்ணைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தார்கள். "என்றா தம்பி, நேரமாயிடுச்சா?" என்றார்கள், பள்ளி முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து நின்று, "ஏழாம் சட்டப்படி நீக்கம்" என்று அறிவித்தேன்.

வாசலில் கவுண்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாய் ஓதுனது நல்லாத்தானுங்களே இருந்துச்சு, எதுக்குங்க நிறுத்திப்போட்டீங்க?"

"எடம் மாறிப் போச்சுங்க."

"எடம் மாறுனா என்னுங்க, ஊடு போய்ச் சேர்ந்தாச் சரிதானுங்களே!"

அன்று அங்கே பேசப்பட்டதில் நியாயமான பேச்சு அது ஒன்றுதான். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். நேருக்கு நேர் உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"மேட்டூர்ல இருந்து வந்ததுலருந்தேடா. மொதல்ல குருவிச் சத்தம் போச்சு. அப்புறம் உன் மதினி வளையல் சத்தம்."

"அப்ப இத்தனை வருசம் தராவீஹ் எப்பிடிண்ணா?"

"தப்பே உடாம ஓதுனேன். வேற வழி?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் திரையத் தூக்கியிருப்பேனே!"

"தூக்கியிருப்பே. ஏன் தூக்குனேன்னு ஊரு கேட்டிருக்கும். பொறத்தால நின்னு எடுத்துக் குடுத்தாக் கேக்காத ஹாபிஸை எந்தப் பள்ளியில முன்னால நிறுத்துவாங்க?" என்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தலக்கனம்னே சொல்லட்டும், சாமி. தலக்கனம் எறங்கிப் போச்சுன்னா நம்புவாங்க. காது திரும்பி வந்துருச்சுன்னா எவன் நம்புவான்? நீ வாயத் தொறந்துராதே."

முறையீட்டுக்கு நான் எழுதிவைத்த ஏழு நாளும் ஓடின. அண்ணன் முறையிடவில்லை. திரையில்லாமல் மறுபடி ஓதவிடும்படி நடுவர்களைக் கேட்க எனக்கு அதிகாரம் இருந்தது. உடன்பிறந்தவனுக்குச் சலுகை என்பார்களே என்று பயந்தேன். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்று அந்தப் பயத்துக்குப் பெயரும் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு ஷஃபானிலும் அண்ணன் வெள்ளை உடுப்பு உடுத்தி முன்வரிசையில் போய் உட்காருவார்கள். யாராவது தம்மை அழைப்பார்களா என்று ஒவ்வொருவர் உதட்டையும் பார்ப்பார்கள். யாரும் அழைக்கவில்லை. ஒரு வருடம் ஜேடர்பாளையம் பக்கம் நம்மவர் நாலு வீடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தாமே போய், "நான் தொழவைக்கிறேன்" என்று கேட்டார்கள். தட்டினால் நிற்காத ஹாபிஸ் என்ற பேர் அவருக்கு முன்னமே அங்கே போயிருந்தது. சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்து நரம்பு செத்துவிட்டது என்றார். பிறகு பூண்டு எண்ணெய், தாயத்து, நாட்டு மருந்து. எதுவும் ஒரு குருவியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

கடைசி ரமலானில் படுத்த படுக்கையாகிவிட்டார்கள். மதினி தினமும் எதிரே குர்ஆனை விரித்துவைத்து, விரலால் வரியைத் தொடர்ந்தபடி உட்காருவார்கள். அண்ணன் கண்ணை மூடி ஓதுவார்கள். தவறினால் மதினி அண்ணனின் கால் கட்டைவிரலை ஒரு முறை அழுத்துவார்கள். அண்ணன் நின்று, பின்னால் போய், சரியாக எடுத்துக்கொண்டு தொடர்வார்கள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். என் பதினொரு சட்டங்களில் இது இல்லை. குர்ஆனின் முப்பது பாகங்களில் பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் மதினி விரலை அழுத்தினார்கள். அண்ணன் திருத்திக்கொள்ளவில்லை.

வாயைத் திறக்காதே என்று அண்ணன் சொன்னார்கள். எதுவரை என்று சொல்லவில்லை. இனி அவர்கள் தொழவைக்க எந்தப் பள்ளியும் இல்லை என்பதால், அந்த வாக்கு காலாவதியாகிவிட்டது என்று நானாக எடுத்துக்கொண்டேன். தவறென்றால் மறுமையில் அண்ணன் என்னைக் கேட்கட்டும். அன்று சிரித்தவர்களும், சிரித்தவர்கள் சொல்லி நம்பியவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: அண்ணனுக்குத் தலைக்கனம் இருந்ததில்லை. காது இல்லை, அவ்வளவுதான்.

குளிப்பாட்டவும் கபன் துணி உடுத்தவும் கைகொடுத்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், அடக்கம் முடியும்வரை வெயிலில் நின்ற கவுண்டர் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. மீதிப் பத்தொன்பது பாகங்களையும் பார்த்து ஓதி முடித்த மதினிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நடுவர்கள் மூவரும் நேர்மையானவர்கள். கொடுத்த சட்டப்படி நடந்தார்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் அந்தத் திரையை இன்றும் கட்டுகிறார்கள். அவிழ்க்கச் சொன்னால் காரணம் கேட்பார்கள் என்று இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். காரணத்தை இப்போது எழுதிவிட்டேன். அவிழ்த்துவிடுங்கள்.

அண்ணனுக்காகத் துஆ செய்யுங்கள். அந்தச் சட்டங்களை எழுதியவனுக்காகவும், மனம் வந்தால்.