ராணியை விரட்டினேன்

நுவரெலியாவில் காட்டோரமாக எங்கள் மரக்கறிக் கடை. கழித்த முட்டைக்கோவா இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், "ராணி, வாம்மா" என்பேன். காது கிழிந்த பெண் மரைமான் ஒன்று தன் கூட்டத்தை விட்டுவிட்டு வந்து, என் கையிலேயே தின்னும். நான் பெற்றதுகள்கூட ஒரு கூப்பிடுதலுக்கு வந்ததில்லை.

ஒருநாள் கரட் வாங்க வந்த ஒருவர், என்னைப் போலவே "ராணி, வாம்மா" என்றார். அவரிடமும் போய் நின்றாள். கழுத்தைத் தடவிக்கொண்டே, "இறைச்சி எவ்வளவு தேறும் அக்கா?" என்று சிரித்தார். அன்றிரவே வீட்டில் சொன்னேன்.

"மரையைச் சுட யாருக்கும் லைசென்ஸ் குடுக்கமாட்டாங்க, பயப்படாத" என்றார் வீட்டுக்காரர்.

"சுருக்குக் கம்பி வைக்கிறவன் லைசென்ஸ் எடுத்துக்கிட்டா வைக்கிறான்?"

மறுநாள் அவள் வந்ததும் விளக்குமாற்றை ஓங்கினேன். விளையாட்டென்று நினைத்து இன்னும் கிட்ட வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்திலேயே ஓர் அடி போட்டேன். அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போடி!" என்று கத்தி இன்னொன்று போட்ட பிறகுதான் போனாள்.

போன வாரம் பாதையோரத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்டேன். நடுவில் கிழிந்த காது தெரிந்தது. என்னை அறியாமல் "வாம்மா" என்றுவிட்டேன். முதலில் பாய்ந்து ஓடியது ராணிதான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.