முதல் வாசகி: கத்தரிக்கோல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்களும் கிளம்பலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 2:40க்கு ஆரம்பித்து 3:31க்கு முடிந்தது. சாப்பிட்ட டப்பாவைக்கூட நான் கழுவியிருக்கவில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பவருக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. பதினோரு வருஷமாகிறது. வெள்ளைக் கோட்டில், மார்புப் பைக்கு மேலே, என் பெயரைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்திருக்கிறார் முதலாளி. அதை ஒருத்தரும் படித்ததில்லை. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையில் உள்ள காலண்டர், விலைப்பட்டியல், தீயணைப்புக் குடுவையில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து வரைக்கும் படித்துப் பார்ப்பார்கள். அப்புறம் என்னிடம் திரும்பி, "கண்ணாடிக்காரம்மா, மூக்குல கொஞ்சம் அழுத்துது" என்பார்கள்.

அந்த எரிச்சலில்தான் எழுத வந்தேன் என்று நினைக்கிறேன். டிவியில் ஒரு ஆஸ்பத்திரித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்குப் பிடித்த நர்ஸை, 112ஆம் பகுதியில், லிஃப்ட் விபத்தில் கொன்றுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதையை நானே மாற்றி எழுத ஆரம்பித்தேன். ரசிகர்கள் இப்படித் தங்களுக்குப் பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதிப் போடுவதற்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணும், கீழே நாலு வரிப் பாராட்டும்தான் அங்கே கிடைக்கும்.

முதல் மூன்று அத்தியாயங்களை மொத்தம் பதினாலு பேர் படித்தார்கள். அதில் நாலு தடவை நானே திறந்து பார்த்தது.

மிச்சப் பத்தில் ஒருத்தி கத்தரிக்கோல். தளத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. துணி ஆலையில் வெட்டும் மேஜையில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் அங்கே கண்ணாடிக்காரி. ஒரு தடவை, "உங்க நிஜப் பேர் என்ன?" என்று கேட்டாள். "பரிசு வாங்கும்போது சொல்றேன், அப்பத் தெரிஞ்சுக்கோ" என்று எழுதினேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் போடுவதற்கு முன்னால் ஒருத்தர் படித்துத் திருத்தித் தருவார். அவர்தான் முதல் வாசகர். கோப்பு இருவருக்கும் பொது. முதல் வாசகர் கதைக்குள் கை வைக்கக் கூடாது, ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதலாம். பதிலுக்கு, அத்தியாயத்தின் அடியில் ஒரே ஒரு வரி. 'முதல் வாசகி: கத்தரிக்கோல்.' எனக்கு முதல் வாசகி ஆனவள் அவள்தான், ஏற்கெனவே போட்டிருந்த மூன்றையும்கூடத் திருத்திக் கொடுத்தாள். அவள் உழைப்புக்கு அந்த ஒரு வரிதான்.

அவள் திருத்தும் விதமே தனி. என் வரிக்குப் பக்கத்தில் 'வெட்டு' என்று எழுதுவாள். அதன் கீழே, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று அவளே ஒரு வரி எழுதுவாள். நான் என்னுடையதைத் தூக்கிவிட்டு அவளுடையதை வைப்பேன். போகப் போக 'வெட்டு' அதிகமானது. 26ஆம் அத்தியாயத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதினாள்: 'நர்ஸ் செத்தே போகட்டும். ஆனா செத்தது அவளுக்கே தெரிய வேண்டாம். மறுநாளும் டியூட்டிக்கு வரட்டும்.'

அதைப் போட்டேன். ஒரே வாரத்தில் பதினோராயிரம் பேர் படித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் ஒரு வாசகர் கீழே எழுதினார்: 'பாதிப் பாராட்டு அந்தக் கத்தரிக்கோலுக்குத்தான் போகணும்.' அதற்கு இருநூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படியே எரிந்தது. வருடத்தின் சிறந்த கதைக்கான போட்டி வேறு அறிவித்திருந்தார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, இருபத்தாறு அத்தியாயங்களின் அடியிலிருந்தும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன்.

கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு வந்தது. மணி 2:52.

'சரி.'

அதற்குப் பிறகும் அவள் நிற்கவில்லை. 27, 28, 29, 30... எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தாள். முன்பெல்லாம் நடுவில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள், மேஸ்திரியைத் திட்டுவாள். இப்போது பேச்சே இல்லை. எல்லாக் குறிப்பும் மதியம் 2:40க்கு மேல்தான் வந்தது. ஆலை ஓடும் நேரத்தில் இவளுக்கு எப்படி முடிகிறது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வரி வந்தால் போதும். நாலு அத்தியாயத்திலும் அவள் பெயரைப் போடவில்லை.

ரெண்டு மாதம் போனது. அந்த நாள் வந்தது. கடைசியான 31ஆம் அத்தியாயத்தை மாலை 4:00 மணிக்குள் போட வேண்டும், அதோடு போட்டி முடிகிறது. 2:00க்கு முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பெட்டியின் விளக்கை நானே அணைத்தேன். உள்ளறைக்கு வந்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

2:40. கோப்பில் 3,210 சொற்கள். ஓரத்தில் கத்தரிக்கோலின் குறிப்பு ஒன்றுகூட இல்லை. அவள் எழுதித் தந்த எல்லாவற்றையும் முந்தின நாளே எடுத்துக் கதைக்குள் வைத்துவிட்டேன்.

2:43. கறக்.

லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அதன் பிளக் சுவரிலேயே இல்லை.

கறக்... கறக்...

துணிக் கத்தரியின் சத்தம் தனி. காகிதம் வெட்டும் கத்தரி சிணுங்கும். இது அப்படியில்லை. மேஜையை உரசிக்கொண்டு, பல்லைக் கடிக்கிற மாதிரி வரும். முன்கடையிலிருந்து வந்தது.

திரையைப் பார்த்தேன். முதல் பத்தி இல்லை. 3,102.

எவளோ என் கணக்கில் புகுந்துவிட்டாள் என்றுதான் முதலில் பட்டது. போட்டியில் இருக்கிற யாரோ ஒருத்தி. கண்டுபிடித்தால் சும்மா விடுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் கதையைத் திறந்தீங்களா?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன். ஏன்?"

"யாரோ வரி வரியா அழிக்கறாங்க."

"யாராவது விவரம் தெரிஞ்ச வாசகரா இருக்கும்."

"விளையாடாதீங்க..."

"சரி சரி. பாஸ்வேர்டை மாத்து. ஆமா... அங்க யாரு துணி வெட்டறது?"

போனை வைத்தேன்.

2:58. பாஸ்வேர்டை மாற்றினேன். 2,455.

3:02. இணையப் பெட்டியை அணைத்தேன். பச்சை விளக்கு போனது. திரையில் அடுத்த வரி போனது. 1,870.

கம்ப்யூட்டரை வயரோடு பிடுங்கினேன். திரை கறுத்தது.

சத்தம் நிற்கவில்லை.

போனில் தளத்தைத் திறந்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து வரிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ரெண்டாவது. ஏழாவது. பதினெட்டாவது. கீழே வாசகர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'என்ன ஆச்சு?' 'கதை எங்க?'

3:11. எழுந்து முன்கடைக்குப் போனேன். எழுத்துப் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷட்டர் இறக்கியபடியே இருந்தது. யாரும் இல்லை. ஃபிரேம் போட்டுப் பார்ப்பதற்காக எங்கள் கடைச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் எட்டு மாட்டியிருக்கிறோம். எட்டிலும் நான் தெரிந்தேன். வெள்ளைக் கோட்டு, வெளிறிய முகம். ஏழில், என் பின்னால் உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

எட்டாவதில் மூடியிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

3:26. போனைப் பார்த்தேன். முப்பது அத்தியாயங்களிலும் சேர்த்து 412 சொற்கள் மிச்சம். படித்தேன். 'வணக்கம் நண்பர்களே, தாமதத்துக்கு மன்னிக்கவும்.' 'மழை பெய்தது.' 'நர்ஸ் அழுதாள்.' 'மீண்டும் மழை பெய்தது.' அப்போதுதான் புரிந்தது. அவை எல்லாமே என்னுடையவை. அவள் தன்னுடையதை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒருத்தர் எழுதியிருந்தார்: 'இதுக்கா இத்தனை நாள் கை தட்டினோம்?'

முந்நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

கறக்... இப்போது உள்ளறையில்.

கறக்... கதவருகில்.

கறக்... எனக்குப் பின்னால்.

"கத்தரி..." என்றேன். "மன்னிச்சிடு. உன் பேரைப் போட்டுடறேன். எல்லாத்துலயும்..."

நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

எண்ணெய் போட்ட இரும்பின் வாசனை. புதுத்துணி வாசனை.

போன் அதிர்ந்தது. பார்த்தேன். புதுக் குறிப்பு. ஒரே சொல்.

'வெட்டு.'

மார்புக்கு முன்னால்...

மிக அருகில்...

கறக்.

3:31க்கு முதலாளி ஷட்டரைத் தூக்கினார். நான் தரையில் கிடந்தேன்.

"என்னம்மா ஆச்சு? மயக்கமா? இது என்ன... கோட்டை எலி கடிச்சிருக்கா?"

குனிந்து பார்த்தேன். மார்புப் பைக்கு மேலே நீளமாக ஒரு ஓட்டை. என் பெயர் இருந்த இடம். ஓரமெல்லாம் நெளிநெளியாக, சீராக வெட்டியிருந்தது. உள்ளே போட்டிருந்த ஜாக்கெட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. எலி அப்படிக் கடிக்காது. கடை முழுக்கக் கூட்டிப் பெருக்கியும் அந்தத் துண்டு கிடைக்கவில்லை.

இனி நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

தளத்தில் கத்தரிக்கோல் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கு நாலு கடிதம் எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது, ஒரு போன் நம்பரோடு. மதியம் பேசினேன். எடுத்தது அவளுடைய அக்கா.

"நீங்கதான் கண்ணாடிக்காரியா?"

"ஆமாக்கா. அவங்ககிட்ட பேசணும்."

"அவ போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா."

தேதியைச் சொன்னார். நான் அந்த இருபத்தாறு வரிகளையும் எடுத்த அதே நாள்.

"ஆலையில சாப்பாட்டு நேரம். போனையே பாத்துட்டு இருந்தாளாம். 'எல்லாத்தையும் எடுத்துட்டாங்க'ன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னாளாம். அப்படியே வெட்டற மேஜையில சாஞ்சவதான். மணி ரெண்டே முக்கால்கூட ஆகலை, ரெண்டு நாப்பதுன்னாங்க."

2:52க்கு வந்த 'சரி' என் கண் முன்னால் நின்றது. அதற்கப்புறம் வந்த அஞ்சு அத்தியாயத் திருத்தமும் நின்றது.

"உங்க கதைன்னா அவளுக்கு உசுரும்மா. ஒவ்வொண்ணையும் காகிதத்துல எடுத்து, அடியில அவ பேர் வர்ற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வச்சுப்பா. நெளிநெளியா வெட்டுமே, துணி பிரியாம இருக்க, அந்தக் கத்தரியால. ஒரு டப்பாவுல சேத்து வச்சிருந்தா. அவ போனதும் அதுக்கு டேப் சுத்திப் பரண்ல போட்டோம். பாக்க மனசு வரலை."

"அதை... அதைத் திறந்து பாக்க முடியுமாக்கா?"

"இருங்க."

நாற்காலி இழுக்கும் சத்தம். டேப் பிரியும் சத்தம். மூடி திறந்தது. அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். நானும் மனசுக்குள் கூடவே எண்ணினேன்.

"இருபத்தஞ்சு... இருபத்தாறு. அட, இன்னொண்ணு இருக்கே. இது காகிதம் இல்லை... துணி. வெள்ளைத் துணி. செவப்பு நூல்ல ஏதோ பேர் தச்சிருக்கு. இது யாரும்மா?"

அக்கா நிதானமாக எழுத்துக் கூட்டி, என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் படித்தார்.

பதினோரு வருஷத்தில் அதைப் படித்த முதல் ஆள் அவர்தான்.